காணாததைக் காணுதல்: தார்க்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ திரைப்படத்தை அணுகும் முறை

முன்னுரை

அறிவியல் புனைகதைத் திரைப்படம் என்றவுடன் விண்கலத்தையும் வேற்றுலக உயிரினத்தையும் வியத்தகு கருவிகளையும் நாம் எதிர்பார்க்கின்றோம். 1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ இவ்வெதிர்பார்ப்பை உலகளாவிய வணிகமாகவே ஆக்கிவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1979இல், சோவியத் ஒன்றியத்தின் மாஸ்ஃபிலிம் படப்பிடிப்பகத்திலிருந்து ‘ஸ்டாக்கர்’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. இயக்கியவர் ஆந்திரேய் தார்க்கோவ்ஸ்கி (1932–1986). படம் ஓடும் நேரம் 163 நிமிடங்கள். அதில் விண்கலம் ஒன்றும் இல்லை. வேற்றுலகத்தார் ஒருவரும் தோன்றுவதில்லை. மூன்று ஆடவர் புல்வெளியில் நடக்கின்றனர், படுக்கின்றனர், வாதிடுகின்றனர். தேடி வந்த அறையின் வாசல்வரை சென்று, உள்ளே நுழையாமலேயே திரும்பிவிடுகின்றனர். கதை இவ்வளவே.

எனினும் இப்படம் அக்காலச் சோவியத் ஒன்றியத்தில் மட்டும் 43 லட்சம் நுழைவுச்சீட்டுகள் விற்கப்பட்ட படமாகும். 1980இல் கான் திரைப்பட விழாவில் கிறித்தவ ஒருமைப்பாட்டு நடுவர் குழுவின் பரிசைப் பெற்றது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இதனைத் திரும்பத் திரும்பப் பார்ப்போர் உலகெங்கும் உள்ளனர். பாதியிலேயே எழுந்து போனோரும் அதே அளவில் இருப்பர். இலக்கியம் பயிற்றுவிப்போராகிய நமக்கு இவ்விரு சாராரில் இரண்டாமவரே முதன்மையானவர். வகுப்பறையில் இப்படத்தைத் திரையிட்டால் முதல் இருபது நிமிடங்களுக்குள் எழும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “எப்பொழுது ஏதாவது நடக்கும்?” அக்கேள்வியை அலட்சியப்படுத்தாமல் அதற்கு விடை கூற முற்படுவதே இக்கட்டுரை.

கதையும் அதன் மூலமும்

படத்தின் மூலம், ஆர்க்காதி ஸ்துருகாத்ஸ்கி, போரிஸ் ஸ்துருகாத்ஸ்கி என்னும் சகோதரர் இருவர் எழுதி, 1972இல் லெனின்கிராதின் ‘அவ்ரோரா’ இதழில் வெளிவந்த ‘சாலையோர உல்லாச உணவு’ என்னும் புதினமாகும். வேற்றுலகத்தார் பூமியில் ஆறு இடங்களில் சிறிது நேரம் தங்கிச் சென்றுவிட்டனர். அவர்கள் விட்டுச் சென்ற பொருள்களின் பயனும் இயல்பும் மனிதருக்கு விளங்கவில்லை. சாலையோரத்தில் யாரோ வண்டியை நிறுத்தி உண்டு களித்துவிட்டுக் குப்பையைப் போட்டுச் செல்ல, காட்டில் பதுங்கியிருந்த எறும்பும் பறவையும் பின்னர் வந்து அக்குப்பையைக் கண்டு மருள்வது போன்றது மனிதரின் நிலை என்பது புதினத்தில் ஓர் அறிஞர் கூறும் விளக்கம். தலைப்பின் காரணமும் அதுவே. மனிதரைப் படைப்பின் மையத்திலிருந்து இவ்வளவு எளிதாக ஓரத்திற்குத் தள்ளிய உவமை அறிவியல் புனைகதைகளில் அரிது என்றே நாம் கருதுகின்றோம்.

தடைசெய்யப்பட்ட அவ்விடங்களுக்கு ‘வலயம்’ என்று பெயர். இரவில் வேலி தாண்டி நுழைந்து, உள்ளே கிடப்பவற்றைக் கடத்தி விற்பவனே ‘ஸ்டாக்கர்’. இச்சொல்லின் வரலாறு சுவையானது. ஆங்கிலத்தில் பின்தொடர்ந்து பதுங்கிச் செல்பவனைக் குறிக்கும் சொல்லாயினும், சகோதரர்களின் மனத்தில் இருந்தது பம்பாயில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங் 1899இல் வெளியிட்ட ‘ஸ்டாக்கி அண்ட் கோ’ என்னும் நூலின் நாயகனாகிய குறும்புக்கார மாணவன்தான் என்று போரிஸ் பின்னர் எழுதியுள்ளார். ரஷ்ய மொழியில் இச்சொல் இவர்களாலேயே வழக்கிற்கு வந்தது. ‘வலயம்’ என்பதற்கான ‘சோனா’ என்னும் ரஷ்யச் சொல்லோ மக்கள் பேச்சில் சிறைமுகாமையும் குறிக்கும். முள்வேலியும் காவற்கோபுரமும் துப்பாக்கிச் சூடும் கொண்ட படத்தின் எல்லைக் காட்சியைக் கண்ட சோவியத் பார்வையாளருக்கு இவ்விரண்டாம் பொருள் தோன்றாதிருந்திருக்க இயலாது. ஆயினும் சிறையைப் போலக் காட்டப்படுவது வலயத்திற்கு வெளியே உள்ள நகரமே. வலயத்தினுள்தான் நாயகன் மூச்சு விடுகின்றான். சொல்லின் பொருளைப் படம் தலைகீழாக்கிவிடுகின்றது.

தார்க்கோவ்ஸ்கி புதினத்திலிருந்து எடுத்துக்கொண்டது மிகக் குறைவு: வலயம், வழிகாட்டி, ஊனமுற்ற அவன் மகள், வேண்டியதைத் தரும் ஓரிடம். புதினத்தில் பொன்னிறக் கோளம் ஒன்று வேண்டுதலை நிறைவேற்றும். படத்தில் அது வெறும் ‘அறை’. புதினத்தின் வியப்பூட்டும் பொருள்கள் ஏறத்தாழ அனைத்தும் நீக்கப்பட்டன. எஞ்சியது, துணிக்கீற்றுக் கட்டிய இரும்பு நட்டுகளை முன்னே எறிந்து பாதையின் ஆபத்தைச் சோதிக்கும் வழக்கம் மட்டுமே.

வழிகாட்டியின் குணமும் மாறிற்று. இம்மாற்றத்திற்குப் பின்னால் ஒரு விபத்து உள்ளது. படப்பிடிப்பு முதலில் தஜிகிஸ்தானின் இஸ்ஃபாரா பகுதியில் நடைபெறுவதாக இருந்தது. நிலநடுக்கத்தால் அது கைவிடப்பட்டு, எஸ்தோனியாவின் தாலின் நகருக்கருகே ஆற்றோரத்துப் பழைய நீர்மின் நிலையங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. 1977இல் அங்கே எடுக்கப்பட்ட வெளிப்புறக் காட்சிகள் மாஸ்கோவில் படச்சுருள் பதப்படுத்தப்பட்டபோது பயனற்றுப் போயின. ஒளிப்பதிவாளர் கியோர்கி ரெர்பெர்க் விலக்கப்பட்டார். 1978இல் இயக்குநருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. படத்தை இரு பாகங்களாக அறிவித்து, புதிதாகப் பணம் பெற்று, அலெக்சாந்தர் கினியாழின்ஸ்கியின் ஒளிப்பதிவில் மீண்டும் எடுத்தனர். இவ்விடைவெளியில்தான் முரட்டுக் கடத்தற்காரனாக இருந்த வழிகாட்டி, நடுங்கும் உள்ளமும் பணிவும் கொண்ட பற்றாளனாகத் திருத்தி எழுதப்பட்டான். முதலில் எடுக்கப்பட்ட படம் அழியாதிருப்பின் இன்று நாம் பேசும் ‘ஸ்டாக்கர்’ இருந்திராது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

இனி நம் மாணவரின் கேள்விக்கு வருவோம்.

எழுத்தாளர், பேராசிரியர் என்று தொழிற்பெயரால் மட்டுமே அறியப்படும் இருவரை ஸ்டாக்கர் வலயத்தினுள் அழைத்துச் செல்கின்றான். அலெக்சாந்தர் காய்தனோவ்ஸ்கி ஸ்டாக்கராகவும், அனத்தோலி சலனீத்சின் எழுத்தாளராகவும், நிக்கலாய் கிரின்கோ பேராசிரியராகவும் நடித்துள்ளனர். அறையுள்ள கட்டடம் சற்றுத் தொலைவிலேயே கண்ணுக்குத் தெரிகின்றது. நேராக நடந்தால் சில நிமிடங்களில் அடைந்துவிடலாம். ஆனால் நேர்வழி இங்கே கொல்லும், சுற்றுவழியே பாதுகாப்பானது, வந்த வழியே திரும்பலாகாது, நேற்றைய வழி இன்று பயன்படாது என்கின்றான் ஸ்டாக்கர். நமக்குக் காட்டப்படுவதோ காற்றில் அசையும் புல், துருப்பிடித்த பீரங்கி வண்டிகள், சாய்ந்த தந்திக் கம்பங்கள். இடர் என்று சுட்ட ஒன்றும் திரையில் இல்லை.

இங்கேதான் பார்வையாளர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவராகின்றார். ஸ்டாக்கர் கூறுவதை நம்பினால் அசையும் ஒவ்வொரு புல்லும் அச்சமூட்டும். நம்பாவிடில் மூன்று பேர் வீணாகச் சுற்றி நடப்பதையே காண்போம். பொறுமையிழந்த எழுத்தாளர் நேர்வழியில் நடக்கத் துணிகின்றார். கட்டடத்தை நெருங்குகையில் நிற்குமாறு ஒரு குரல் கேட்கின்றது. குரல் யாருடையது? மற்ற இருவரும் தாம் கூறவில்லை என்கின்றனர். எழுத்தாளரின் அச்சமே குரலாயிற்று என்றும் கொள்ளலாம். வலயம் பேசிற்று என்றும் கொள்ளலாம். பின்னோரிடத்தில், விட்டு வந்த பையை எடுக்கத் தனியே திரும்பிய பேராசிரியரை இழந்துவிட்டதாக எண்ணி மற்ற இருவரும் முன்னேறிச் செல்ல, அவரோ அவர்களுக்கு முன்னரே அமர்ந்து நிதானமாகத் தேநீர் அருந்திக்கொண்டிருக்கின்றார். மணல்மேடுகள் நிறைந்த கூடத்தில் பறந்து வரும் பறவை ஒன்று தரையிறங்குமுன் மறைந்துபோகின்றது. 163 நிமிடப் படத்தில் இயல்பு மீறிய நிகழ்ச்சி என்று ஐயமின்றிச் சுட்டத்தக்கவை இவை போன்ற ஒரு சிலவே.

ஆதலின் இப்படத்தில் ‘ஏதாவது நடப்பது’ திரையில் அன்று. நம்பிக்கைக்கும் ஐயத்திற்கும் இடையே பார்வையாளரின் உள்ளத்தில் நடக்கும் ஊசலாட்டமே நிகழ்ச்சி. எழுத்தாளரும் பேராசிரியரும் எந்த நிலையில் நிறுத்தப்படுகின்றனரோ அதே நிலையில் நாமும் நிறுத்தப்படுகின்றோம். மற்ற அறிவியல் புனைகதைப் படங்கள் அற்புதத்தைக் காட்டி நம்மை நம்பவைக்கின்றன. இப்படம் காட்ட மறுத்து, நம்புவதா வேண்டாவா என்னும் சுமையை நம் தோளில் ஏற்றிவிடுகின்றது. சலிப்பு எழுவதன் காரணமும், பற்று எழுவதன் காரணமும் இந்த ஒன்றே என்பது நம் கருத்து.

வலயம் எதன் குறியீடு என்று வினவியோரிடம், அது எதற்கும் குறியீடன்று, வலயம் வலயமே என்னும் பொருள்பட இயக்குநர் விடையளித்துள்ளார். நம் வகுப்பறைகளில் இதனை நினைவில் வைத்தல் நலம். செய்யுளாயினும் படமாயினும் உள்ளுறையைத் தோண்டி எடுத்தவுடன் பாடம் முடிந்தது என்னும் பழக்கம் நமக்கு மிகுதி.

நேரத்தைப் பார்த்தல்

படம் முழுவதிலும் 142 ஷாட்டுகளே உள்ளன என்று கணக்கிடப்பட்டுள்ளது. அதாவது, சராசரியாக ஒரு ஷாட் ஒரு நிமிடத்திற்கு மேல் நீள்கின்றது. சில நான்கு நிமிடங்களையும் கடக்கின்றன. இந்நீட்சி கவனக்குறைவால் வந்ததன்று. தாம் எழுதிய ‘காலத்தைச் செதுக்குதல்’ என்னும் நூலில், இப்படத்தின் ஷாட்டுகளுக்கிடையே காலம் விடுபட்டதாகத் தோன்றலாகாது, முழுப்படமும் ஒரே ஷாட்டில் எடுக்கப்பட்டது போன்றிருத்தல் வேண்டும் என்று விரும்பியதாகத் தார்க்கோவ்ஸ்கி குறிப்பிட்டுள்ளார். படம் வேகமாக இருக்கலாமே என்று திரைப்படத் துறை அதிகாரிகள் கூறியபோது, தொடக்கம் இன்னும் மெதுவாகவும் சலிப்பாகவும் இருக்க வேண்டும், தவறான அரங்கிற்குள் நுழைந்தோர் எழுந்து செல்ல அப்பொழுதுதான் நேரம் கிடைக்கும் என்று அவர் விடையிறுத்ததாகக் கூறுவர். நகைச்சுவையாகத் தோன்றினும் இஃது ஒரு கொள்கை விளக்கமே.

நீண்ட ஷாட் நம் பார்வையை என்ன செய்கின்றது? ஒரு படிமத்தை முதலில் நாம் தகவலாகப் பார்க்கின்றோம்: இது சுவர், இது நீர். தகவல் கிடைத்தவுடன் மனம் அடுத்ததைக் கேட்கின்றது. அடுத்தது வரவில்லை. சலிப்புத் தொடங்குகின்றது. சலிப்பும் கடந்த பின்னரே சுவரின் ஈரமும் நீரின் அசைவும் கண்ணில் படத் தொடங்குகின்றன. படத்தின் நடுவில், துயிலும் ஸ்டாக்கரின் தலைமாட்டிலிருந்து ஒளிப்பதிவுக் கருவி ஆழமற்ற நீரின்மேல் மெல்ல நகர்கின்றது. நீரடியில் ஊசிக்குழல், நாணயங்கள், துப்பாக்கி, வான் ஐக் வரைந்த கெந்த் நகர்ப் பீடஓவியத்தின் ஒரு பகுதி, கிழிந்த நாட்காட்டித் தாள் ஆகியன ஒவ்வொன்றாகக் கடந்து செல்கின்றன. பின்னணியில் ஒரு பெண்குரல் திருவெளிப்பாட்டு நூலிலிருந்து வாசிக்கின்றது. ஒரு நாகரிகம் பயன்படுத்தி எறிந்தவை அனைத்தும் இங்கே ஒரே மட்டத்தில் கிடக்கின்றன. மருந்து, காசு, ஆயுதம், தெய்வ உருவம் என்னும் வேறுபாட்டை நீர் அறியவில்லை. புதினத்தின் சாலையோரக் குப்பை படத்தில் எங்கும் பேசப்படவில்லை. இந்த ஒரு ஷாட்டில் அது மனிதரின் குப்பையாக மீண்டும் வந்து சேர்கின்றது என்று நாம் வாசிக்கின்றோம்.

நிறமும் இவ்வாறே பயன்படுகின்றது. நகரக் காட்சிகள் கரும்பழுப்பு நிறத்தில் உலோகத் தகடு போல அமைந்துள்ளன. மூவரும் சிறு மோட்டார் டிராலியில் ஏறி இருப்புப்பாதை வழியே வலயத்தை நோக்கிச் செல்லும் பயணம் ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் நீள்கின்றது. திரையில் அவர்களின் தலைகளும் பின்னே மங்கலாக நகரும் இடிபாடுகளுமே உள்ளன. பின்னர் ஒரே வெட்டில் பசுமை. நிறம் வந்துவிட்டது, ஓசை நின்றுவிட்டது. ஸ்டாக்கர் புல்லில் முகங்குப்புறப் படுத்துக்கொள்கின்றான்.

ஆதார சுருதி

அந்த டிராலிப் பயணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்டல் வேண்டும். சக்கரங்கள் தண்டவாள இணைப்புகளில் மோதும் ஓசை ஒரே தாளத்தில் வருகின்றது. சிறிது நேரத்தில் அவ்வோசையில் எதிரொலி கூடுகின்றது. பின் அது மின்னணு ஒலியாகவே மாறிவிடுகின்றது. எந்த நொடியில் இரும்பு இசையாயிற்று என்று கேட்போரால் சொல்ல இயலாது. எல்லை தாண்டப்பட்டதை முதலில் அறிவிப்பது செவியே, கண்ணன்று.

இசையமைத்தவர் எதுவார்த் அர்த்தேமியெவ். இந்திய இயல் துறையினராகிய நமக்கு இவ்விடத்தில் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. கிழக்கும் மேற்கும் ஒன்றையொன்று தொட்டும் கலவாமலும் நிற்கும் இசை வேண்டும் என்று இயக்குநர் கேட்டார். இடைக்கால ஐரோப்பிய மெட்டு ஒன்றை ஒட்டி அமைத்த முதல் முயற்சி மனநிறைவு தரவில்லை. அப்பொழுது இந்திய இசையில் தம்புரா இடையறாது ஒலித்து நிற்க, அதன்மேல் பண் எழும் முறை தமக்கு நினைவுக்கு வந்ததாக அர்த்தேமியெவ் நேர்காணல்களில் கூறியுள்ளார். அசையாத ஓர் ஆதார சுருதியை மின்னணுக் கருவியில் உருவாக்கி, அதன்மேல் மேற்கத்தியப் புல்லாங்குழலையும் அஸர்பைஜான் நாட்டுத் ‘தார்’ என்னும் நரம்புக் கருவியையும் ஒலிக்கச் செய்தார். படத்தின் தொடக்க இசை அதுவே.

மேற்கத்திய இசையின் சுர ஒத்திசைவு, ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு நகர்ந்து, முடிவை நோக்கிச் செல்வது. கேட்போர் அடுத்து வருவதை எதிர்நோக்குவர். சுருதியின்மேல் எழும் இசையில் போய்ச் சேர வேண்டிய ஊர் இல்லை; நின்ற இடத்திலேயே ஆழம் கூடும். ‘ஸ்டாக்கர்’ கதையமைப்பாலும் இவ்வகையினதே. கச்சேரியில் தம்புரா மீட்டப்படுவதைக் கேட்டு “எப்பொழுது பாட்டுத் தொடங்கும்?” என்று நம் மாணவர் கேட்பதில்லை. படத்தையும் அவ்வாறு கேட்கச் செய்யலாம்.

ஆற்றுப்படுத்துபவனின் அவலம்

வழிகாட்டியின் பாத்திரத்தைத் தமிழ் மாணவருக்கு விளக்கும்போது ஆற்றுப்படை இலக்கியம் துணைசெய்யும். தார்க்கோவ்ஸ்கி அதனை அறிந்தவரல்லர், ஒப்புமை நம்முடையது. ஆயினும் பயனுடையது. பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையுற்று எதிர்வரும் மற்றொருவனிடம் தான் சென்ற வழியையும் பெற்ற வளத்தையும் கூறி வள்ளலிடம் ஆற்றுப்படுத்துகின்றான். மலைபடுகடாம் வழியின் இடர்களை எவ்வளவு நுணுக்கமாக விரித்துரைக்கின்றது என்பதை நாம் அறிவோம். அங்கே வழிகாட்டியின் சொல்லுக்கு வலிமை தருவது அவன் பெற்ற பரிசிலே. கையிலுள்ள செல்வமே சான்று.

ஸ்டாக்கரிடம் அச்சான்று இல்லை. அவன் அறைக்குள் சென்றதில்லை, செல்லவும் கூடாது. அவனிடம் பணம் இல்லை, வேலை இல்லை, மகளோ நடக்க இயலாதவள். வேண்டியதைத் தரும் இடத்திற்குப் பிறரை ஆற்றுப்படுத்துபவன் தனக்கென ஒன்றும் பெறாதவனாக நிற்பதால், அவன் மெய்யன்பனா ஏமாற்றுக்காரனா என்னும் ஐயம் எழுவது இயல்பு. அறையின் வாசலில் எழுத்தாளர் அவ்வையத்தை அவன் முகத்திற்கு நேரே வீசுகின்றார்.

வாசலில் நிகழ்வதே படத்தின் உயிர்நிலை. ஸ்டாக்கருக்கு ஆசானாக இருந்தவன் ‘முள்ளம்பன்றி’ என்னும் பட்டப்பெயர் உடையவன். வலயத்தில் தன் தம்பி இறப்பதற்குக் காரணமாகிய அவன், அறைக்குள் சென்று தம்பியை மீட்டுத் தருமாறு வேண்டினான். வீடு திரும்பியபோது பெருஞ்செல்வம் வந்து குவிந்தது. தூக்கிட்டு இறந்தான். இக்கதையின் பொருள் எழுத்தாளருக்கு வாசலில்தான் தெளிவாகின்றது: அறை நிறைவேற்றுவது வாயால் கேட்கும் வேண்டுதலை அன்று, கேட்பவனே அறியாத அடிமன ஆசையை. தம்பியின் உயிரை வேண்டியவனின் உள்ளத்தின் அடியில் இருந்தது பணமே. அதனைத் தெரிந்துகொண்டபின் அவனால் வாழ இயலவில்லை.

பேராசிரியரின் பையில் இருந்தது அணுகுண்டு என்பதும் இவ்விடத்தில் வெளிப்படுகின்றது. தீயோர் கையில் அறை சிக்கினால் உலகம் என்னாகும் என்னும் அச்சத்தால் அதனை அழிக்க வந்தவர் அவர். அவர் அச்சத்தை எளிதில் மறுக்க முடியாது. ஸ்டாக்கரும் மறுத்து வாதிடவில்லை, மனிதருக்கு எஞ்சிய கடைசி நம்பிக்கையைப் பறிக்கவேண்டா என்று அழுகின்றான். பேராசிரியர் குண்டைக் கழற்றி உறுப்பு உறுப்பாக நீரில் எறிகின்றார். ஒருவரும் அறைக்குள் செல்லவில்லை. மூவரும் தரையில் முதுகோடு முதுகாக அமர்கின்றனர்.

அப்பொழுது ஒளிப்பதிவுக் கருவி பின்னோக்கி நகர்கின்றது. எங்கே நகர்கின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும்: அறைக்குள்ளே. மூவரும் தயங்கி நின்ற வாசலைக் கடந்து நாம் உள்ளே வந்துவிட்டோம். நம் முன்னே மழை பெய்கின்றது, ஒளி கூடிக் குறைகின்றது, மழை நிற்கின்றது. உள்ளேயிருந்து பார்த்தால் தெரிவதெல்லாம் வாசலுக்கு வெளியே அமர்ந்திருக்கும் களைத்த மூன்று மனிதர்களே. முதல்முறை பார்ப்போர் பலர் இதனை உணராமலேயே கடந்துவிடுகின்றனர். இரண்டாம் முறை பார்க்கத் தூண்டுவதற்கு இந்த ஒரு ஷாட்டே போதும்.

படத்திற்கு வெளியே

படம் வெளிவந்து ஏழாண்டுகளில், 1986 ஏப்ரலில், செர்னோபில் அணுவுலை வெடித்தது. மக்கள் வெளியேற்றப்பட்டு, வேலியிடப்பட்ட வலயம் ஒன்று மெய்யாகவே உருவாயிற்று. புல்லும் மரமும் அமைதியாக வளர, ஆபத்தோ கண்ணுக்குத் தெரியாததாக இருந்தது. அனுமதியின்றி அதனுள் நுழைவோரை ஸ்டாக்கர் என்றே அழைக்கலாயினர். 2007இல் உக்ரேனிய நிறுவனம் ஒன்று புதினத்தையும் செர்னோபிலையும் இணைத்து இதே பெயரில் கணினி விளையாட்டை வெளியிட்டது. நம் மாணவர் சிலர் படத்தின் பெயரைக்கூட இவ்விளையாட்டின் வழியாகவே அறிந்திருப்பர். அதனைக் குறையாகக் கருதவேண்டியதில்லை. படம் செர்னோபிலை முன்னறிவித்தது என்று எழுதுவோரும் உளர். நமக்கு அதில் உடன்பாடில்லை. கண்ணுக்குத் தெரியாத ஆபத்தின் நடுவே மனிதர் எவ்வாறு நடப்பர் என்பதைப் படம் நுணுகிப் பார்த்தது. பின்னர் வரலாறு அந்நடையை வேண்டியது. தீர்க்கதரிசனம் என்னும் பட்டம் இதற்குத் தேவையில்லை.

படப்பிடிப்பு இடத்தைப் பற்றிய செய்தி துயரமானது. ஆற்றின் மேற்பகுதியில் இருந்த வேதியியல் தொழிற்சாலையின் கழிவு, படப்பிடிப்பு நடந்த இடத்தில் கலந்ததாகப் படத்தின் ஒலிப்பதிவாளர் விளாதிமிர் ஷாருன் நினைவுகூர்ந்துள்ளார். படத்தில் நீரின்மேல் வெண்ணிறமாக மிதந்து வருவது அந்நுரையே என்பது அவர் கூற்று. சலனீத்சின் 1982இலும், தார்க்கோவ்ஸ்கி 1986இலும், படத்தில் துணை இயக்குநராகப் பணியாற்றிய அவர் மனைவி லரீசா 1998இலும் புற்றுநோயால் இறந்தனர். ஷாருன் இவ்விறப்புகளை அந்த ஆற்றோடு தொடர்புபடுத்துகின்றார். மருத்துவச் சான்றாக இதனைக் கொள்ள இயலாது. ஆயினும், இச்செய்தியை அறிந்தபின் அந்நீரினுள் நெடுநேரம் படுத்திருக்கும் நடிகர்களைப் பழைய கண்ணோடு பார்க்க முடிவதில்லை.

திரையிட விரும்புவோருக்கு ஒரு சொல். 2017இல் மறுசீரமைக்கப்பட்ட படி வெளிவந்துள்ளது; தேய்ந்த பழைய படிகளில் புலப்படாத நுண்ணிய சாயல்கள் அதில் தெளிவாக உள்ளன. இருபாகப் படமாகையால் நடுவில் இடைவேளை விடலாம். துண்டு துண்டாக நான்கு பாடவேளைகளில் காட்டுவதைக் காட்டிலும் காட்டாதிருத்தல் நன்று.

இறுதிக் காட்சிகளில் நகரம் மீண்டும் பழுப்பாகின்றது. வீடு திரும்பிய ஸ்டாக்கர், எவருக்கும் அறை தேவைப்படவில்லையே என்று புலம்பிப் படுத்துவிடுகின்றான். அலிசா ஃபிரெயின்திலிக் நடித்த அவன் மனைவி நம்மை நேராக நோக்கி, துன்பம் என்று தெரிந்தே இவனை மணந்ததையும் அதற்காக வருந்தாததையும் பேசுகின்றாள். படத்தில் ஐயத்திற்கு இடமில்லாத பேச்சு இது ஒன்றே. இவள் வலயத்திற்குச் சென்றவளும் அல்லள். பின்னர், வலயத்திற்கு மட்டுமே உரியது என்று நாம் எண்ணியிருந்த நிறம், நடக்க இயலாத மகளின் முகத்தில் தோன்றுகின்றது. அவள் நூலை மூடிவைத்து, தலையை மேசைமேல் சாய்த்து, அதன்மேலுள்ள கண்ணாடிக் குவளைகளை உற்று நோக்குகின்றாள். அவை ஒவ்வொன்றாக நகர்கின்றன. ஒன்று விளிம்பைத் தாண்டி விழுகின்றது. படத்தின் தொடக்கத்திலும் ஒரு குவளை மேசையில் நகர்ந்தது. அப்பொழுது தொடர்வண்டியின் அதிர்வே அதற்குக் காரணமாகத் தோன்றிற்று. இம்முறை தொடர்வண்டியின் ஓசை பின்னரே வந்து சேர்கின்றது. அதனூடே பேத்தோவனின் இசை மங்கலாகக் கேட்கின்றது, மேசை அதிர்கின்றது.